ஈரத் தரையில் ஒட்டியவன் எழுதுவது

ஸ்டெல்லா, உன் இன்லேண்டு லெட்டர் வந்து பத்து நாள் ஆகிறது. மூன்று பக்கம் எழுத இடமிருக்கிற தாளில் ஐந்தே வரி எழுதியிருக்கிறாய். நலமா என்று ஒரு வரி. பையன் தவழ்ந்து முடித்து நிற்கப் பழகுகிறான் என்று ஒரு வரி. மிச்சம் மூன்றும் தரையைப் பற்றி. ஓசூரில் வாங்கியிருக்கிற வீட்டின் மொசைக் தரையில் உன் ஊன்றுகோல் வழுக்குகிறது, வினைல் ஷீட் ஒட்டலாம் என்றிருக்கிறோம், ஒட்டுவதற்கு முன்னால் கீழே இருக்கிற தரையை என்ன செய்ய வேண்டும், உங்களுக்குத் தெரிந்திருக்குமே, எழுதவும். அவ்வளவுதான். ஹார்டுவேர் கடைக்காரனிடம் கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறாய். நைனா என்றுகூட எழுதவில்லை. போகட்டும். உன் அம்மா போன இந்த நாலு வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். எனக்கு வருகிற தபால் கரண்ட் பில்லும் கோவில் திருவிழா நோட்டீசும்தான் என்பதால் போஸ்ட்மேனே வாசலில் நின்று, "பொண்ணு எழுதிகீதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே பதில் எழுதியிருக்கலாம். இருபத்தெட்டு வருஷம் செய்த வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் இந்தக் கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நம் வீட்டு ஹாலில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் மிச்சத்தை மட்டும் எழுதலாமா என்று பத்து நாள் பார்த்தேன். நாலு தாள் கிழித்துப் போட்டேன். முடியவில்லை. உன் அம்மா மேல் நீ இத்தனை வருஷம் வைத்திருக்கிற கோபம் நான் சொன்ன ஒரு பொய்யினால் வந்தது. முதலிலேயே சொல்லிவிட்டேன். இதற்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை என்றால் தரை பற்றி எழுதியிருக்கிற இடங்களை மட்டுமாவது படி. உனக்கு அது வேண்டும்.

முதலில் உன் கேள்வி. வினைல் ஷீட் தானாக எதையும் மறைக்காது. கீழே ஒரு மணல் பொடி கிடந்தால் ஆறு மாதத்தில் அது மேலே முளை விட்ட மாதிரி தெரியும். அதனால் தரையை முதலில் சுரண்ட வேண்டும். பெயிண்ட் சொட்டு, சாந்துச் சிதறல், பழைய பசை, எல்லாவற்றையும் இரும்புச் சுரண்டியால் எடு. உன் மொசைக்கில் மெழுகு பாலிஷ் போட்டிருப்பார்கள். அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. சாணைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பை எடுக்கச் சொல். தரையைக் கை வைத்துத் தடவினால் சொரசொரவென்று இருக்க வேண்டும். பள்ளங்களைச் சிமெண்டால் நிரப்பி, நீளமான மட்டப்பலகையைப் போட்டுப் பார்க்க வேண்டும். பலகைக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தால் அந்த வேலை சரியில்லை என்று அர்த்தம். வருகிறவன் "அதெல்லாம் ஷீட் போட்டா தெரியாது மேடம்" என்பான். தெரியும். விளக்குப் போட்டதும் தெரியும். அப்படிச் சொல்கிறவனைக் காப்பி கொடுத்து அனுப்பிவிடு.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியும். எனக்குக் கோபம் மூக்கின் மேல். மண்ணூர்பேட்டை, அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க எனக்கு 'முடியாது மேஸ்திரி' என்றே பெயர். ஆபீஸ் அறை, கம்ப்யூட்டர் அறை என்று எங்கே கூப்பிட்டாலும் முதலில் குனிந்து தரையைத் தட்டிப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் முடியாது என்பேன். என் கூட வேலை செய்த சலீம் பாய், பாவம், பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார். ஒரு கம்பெனியில் புதிதாகச் சிமெண்ட் போட்டுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. சபாரி சூட் போட்ட மேனேஜர், "திங்கக்கிழமை மந்திரி வராருய்யா, ஒட்டு" என்றார். "மந்திரிக்காகத் தரை காயாது சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கதையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த உன்னிடம் நடித்துக் காட்டினேன். காலில் மாவுக் கட்டோடு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எங்க நைனா யாருக்கும் பயப்படாது" என்று அவரிடம் சொன்னாய். அப்போது உனக்குப் பதின்மூன்று வயது.

அந்த ஆபரேஷன் உனக்கு நினைவிருக்கும். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து சூம்பின கால். எலும்பை வெட்டி நேராக்கினால், ஒரு வருஷத்தில் ஊன்றுகோல் இல்லாமலே நடக்க வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஒரே நிபந்தனை, ஆறு மாதத்துக்கு விழக் கூடாது. நம் கொரட்டூர் வீட்டின் தரையோ, சிவப்புக் காவி போட்டு வருஷக்கணக்கில் கால் பட்டுக் கண்ணாடியாகி இருந்தது. உன் ஊன்றுகோலின் ரப்பர் அதில் நிற்காது. அப்போதுதான் நான் வேலை செய்த ஒரு ஆபீசில் பச்சை நிற வினைல் ஷீட் மிச்சம் இருந்தது. கேட்டதும் எடுத்துப் போகச் சொன்னார்கள். ஹாலுக்குச் சரியாக இருந்தது. சுற்றி எடுத்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் பெண் நடக்கப் போகிற தரையை நானே போடப் போகிறேன் என்று இருந்தது.

அது அக்டோபர். ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் வைத்து, தெருவே கூடி ஜெபம் சொல்லி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் பாட்டோடு தூக்கிப் போவார்கள். நம் வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முறை. உன்னை ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். உன் அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்து வந்ததில் அவ்வளவு சந்தோஷம். "மாதாவும் பாப்பாவும் ஒண்ணா ஊட்டுக்கு வராங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். எனக்கு நாலு நாள்தான் இருந்தது. அக்டோபர் என்றால் மழை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி நிரம்பிக்கொண்டிருந்தது. நம் வீடு ஏரிப் பக்கத்து மனை, அஸ்திவாரம் தாழ்வு. நான் வேறு யார் வீடாக இருந்தாலும் வாசலிலேயே நின்று முடியாது என்று சொல்லியிருப்பேன்.

இப்போது எழுதப் போவதுதான் உன் கேள்விக்கு முக்கியமான பதில். சுரண்டி, நிரப்பி, மட்டம் பார்த்த பிறகு, கெட்டியான பாலிதீன் தாளை முழ அகலத்துக்கு வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, காற்றுப் போகாமல் தரையில் ஒட்ட வேண்டும். ஹாலில் ஒரு இடத்தில் மட்டும் போதாது. நடுவில், சுவரோரம், பாத்ரூம் பக்கம் என்று மூன்று நாலு இடத்தில் ஒட்டு. ஒரு முழு நாளாவது விடு, இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. பிறகு பார். தாளுக்குக் கீழே ஆவி பிடித்தாலோ, சொட்டு நின்றாலோ, தரை கறுத்திருந்தாலோ, கீழே இருந்து ஈரம் மேலே வருகிறது என்று அர்த்தம். வெறும் தரையாக இருக்கிற வரைக்கும் அந்த ஈரம் காற்றில் போய்விடும், நம் கண்ணில் படாது. மேலே ஷீட் ஒட்டி வழியை அடைத்தால் எங்கே போகும்? பசையைத்தான் தின்னும். அப்படி ஈரம் தெரிந்தால் மறு பேச்சுப் பேசாமல் வேலையை நிறுத்திவிட வேண்டும். வெயில் காலம் வரைக்கும் காத்திரு. அப்போதும் காயவில்லை என்றால் அந்தத் தரைக்கு வினைல் இல்லை என்று விட்டுவிடு. புதுச் சிமெண்ட் என்றால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் காய விட வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

நான் அந்தத் தாளை ஒட்டினேன், ஸ்டெல்லா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹால் நடுவில் ஒட்டினேன். புதன்கிழமை காலையில் உன் அம்மா காப்பியோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, உள்ளாற வேர்த்துகினு கீது?" என்றாள்.

நான் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக நின்றது. ஒரு ராத்திரியிலேயே அவ்வளவு. எஸ்டேட்டில் இதைப் பார்த்திருந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். "ஒண்ணுமில்லமே, ராவுல பனி. உள் பக்கம் பூந்துகீது" என்றேன். அக்டோபரில், வீட்டுக்குள்ளே, டேப் ஒட்டின தாளுக்குள் பனி. அவளும் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தாளைப் பிய்த்து எறிந்துவிட்டுத் துண்டால் துடைத்தேன். ப்ளோ லாம்ப்பைப் பற்ற வைத்து, அந்தத் தீயை ஹால் முழுக்க மண்டியிட்டுக் காட்டினேன். தரை மேலே வெளுத்துக் காய்ந்தது. மேல் தோல் காய்ந்ததைப் பார்த்துத் தரை காய்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை தெரியாதவன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். அவனுக்கு ப்ளோ லாம்ப் பிடித்து ஏமாற்றத் தெரியாது. அன்றைக்கும் மறுநாளும் ஒட்டி முடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் நான் உன்னை அழைத்து வர ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அம்மா வழக்கப்படி வீட்டைக் கழுவினாள். மாதா வருகிற வீடாயிற்றே, இரண்டு பக்கெட் அதிகமாகவே ஊற்றியிருப்பாள். வினைலின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, பிழிந்த துணியால் துடைக்க வேண்டும் என்பது உண்மைதான். உன் வீட்டிலும் அப்படித்தான் செய்ய வேண்டும், வேலைக்கு வருகிற அம்மாளிடம் முதல் நாளே சொல்லிவிடு. ஆனால் நான் உன் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவசரத்தில் மறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா வந்தது. ஜெபம் முடிந்து சுண்டல் வாங்கின பிறகும் ஒருத்தரும் கிளம்பவில்லை. எல்லோரும் தரையைத்தான் குனிந்து குனிந்து பார்த்தார்கள். நீ ஊன்றுகோலோடு சுவரிலிருந்து மாதா வரைக்கும் நடந்து காட்டினாய். வழுக்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு மனசில் ஓரமாகக்கூட அந்தச் சொட்டு நினைவு வரவில்லை. பாவி, பெருமையாக நின்றுகொண்டிருந்தேன்.

மூன்று வாரம் விடாத மழை. ஒரு புதன்கிழமை அம்மா சொன்னாள், "ஹால் நடுவுல லேசா உப்பிகினு கீதுங்க. கால் வச்சா மெத்து மெத்துனு போவுது." ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்றேன். நீ வெள்ளிக்கிழமை காலையில் விழுந்தாய். ஊன்றுகோலின் முனை அந்த உப்பலில் மாட்டிக்கொண்டு நீ பக்கவாட்டில் சாய்ந்ததை நான் ஷேவிங் கண்ணாடியில் பார்த்தேன். திரும்பி ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது. உன் காலிலிருந்து வந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

கட்டிலில் தூக்கிப் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவுக்கு ஓடினார். நீ கத்திக்கொண்டிருந்தாய். அந்த உப்பலைப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன், வாசலில் கூடின ஜனத்தைப் பார்த்தேன். அப்புறம் உன் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "தண்ணி ஊத்தாத ஊத்தாதன்னு எத்தினி தபா சொல்லிகீறேன்! பக்கெட் பக்கெட்டா ஊத்தி என் பொண்ணு கால ஒட்ச்சிட்டியே!" தெருவே கேட்டது. நீ வலியில் கத்துவதை நிறுத்திவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாய். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆட்டோ வந்துச்சா பாருங்க" என்றாள்.

மறுநாள் சலீம் பாய் வந்தார். இருவரும் சேர்ந்து உப்பின இடத்தைக் கத்தியால் கீறிப் பிரித்தோம். மேலே ஊற்றின தண்ணீர் என்றால் ஓரத்திலும் ஜாயின்ட்டிலும்தான் முதலில் இறங்கும். ஓரமெல்லாம் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஜாயின்ட்டே இல்லாத நட்டநடுவில் பசை பால் மாதிரி கரைந்து கிடந்தது. ஷீட்டின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அது தரைக்குள்ளிருந்து வருகிற உப்பு. பாய்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரும் பல வருஷம் பார்த்தவர்.

"இன்னா அண்ணாத்தே, இது மேல ஊத்துன தண்ணி இல்லியே. கீழருந்து வந்துகீது" என்றார்.

"தெரியும் பாய்."

"பிளாஸ்டிக் ஒட்டிப் பாக்கலியா நீ?"

நான் குனிந்து கரைந்த பசையைச் சுரண்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஊட்ல சொல்டு அண்ணாத்தே. அண்ணி மேல பழி போட்டுட்டியாமே, தெருவுல பேசிக்கிறாங்க. பாவம்பா அது" என்றார். சொல்கிறேன் என்றேன். அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினேன். பாய் அதற்குப் பிறகு ஒரு வருஷம்தான் என்னோடு வேலை செய்தார். சண்டை எல்லாம் இல்லை. ஆம்பூர் பக்கம் மச்சானோடு கடை வைக்கப் போகிறேன் என்றார். போகும்போது மறுபடி ஒரு தடவை, "சொல்ட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். 'முடியாது மேஸ்திரி' தன் வீட்டிலேயே ஈரத் தரையில் ஒட்டினான் என்று தெரிந்தால் எஸ்டேட்டில் எவன் கூப்பிடுவான் என்ற பயம் இருந்தது. அது பாதிதான். மீதி நீ. மாவுக் கட்டு போட்டு நாலு மாதம் படுத்திருந்தாய். எலும்பு கோணலாகக் கூடியது, கால் ஒன்றரை அங்குலம் குட்டையானது, இனி ஊன்றுகோல் இல்லாமல் முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, உன் மேல தப்பே இல்ல. நீ எனக்காக எவ்ளோ நல்லா போட்டே" என்றாய். அந்தக் கையை என்னால் விட முடியவில்லை, ஸ்டெல்லா. சொன்னால் நீ விட்டுவிடுவாய் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், நீ ஆஸ்டலிலிருந்து வரட்டும் என்று வருஷங்கள் போய்விட்டன. நீ அம்மா கையால் சாப்பாடு வாங்கிக்கொள்ள மாட்டாய். அவள் தட்டை வைத்துவிட்டுப் போன பிறகு நான் எடுத்துக் கொடுத்தால் சாப்பிடுவாய். பார்த்துக்கொண்டு இருந்தேன். உள்ளுக்குள்ளே, என் பெண்ணுக்கு நான்தான் வேண்டும் என்று சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். இதை எழுதும்போதே கன்னத்தில் அறைந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது.

உன் அம்மா அதற்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. வாசல், கொல்லை, சமையலறை எங்கேயும். பிழிந்த துணியை வைத்துக்கொண்டு முட்டி போட்டு அத்தனை இடத்தையும் துடைப்பாள். முட்டியில் கறுப்புத் தழும்பு விழுந்துவிட்டது. "ஏன்மே இப்டி கஷ்டப்பட்றே" என்று கேட்டால், "இப்டியே பழகிடுச்சு" என்பாள்.

அவள் போவதற்கு ஒரு வருஷம் முன்னால் உன் கடிதம் ஒன்று வந்தது. எப்போதும்போல 'நைனாவுக்கு' என்று மட்டும். அவள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னக் கேட்டுகீதா?" என்றாள். "கேட்டுகீது" என்றேன். சிரித்தாள். பொய் சொல்கிறேன் என்று தெரிகிற சிரிப்பு. எனக்குத் தாங்கவில்லை. "நான் அதுக்கு எழுதிடறேன்மே. அன்னிக்கி தண்ணி இல்ல, கீழ ஈரம்னு எழுதிடறேன்" என்றேன். அத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனுக்குத் தெரியாதா? தாள்ல வேர்த்துகினு இருந்தத நாந்தானே மொதல்ல பாத்தேன்" என்றாள்.

"அப்ப ஏன்மே ஒண்ணுமே சொல்ல?"

"சொல்லி? அது ஏற்கனவே என்ன ஒதுக்கிடுச்சு. உன்னயும் ஒதுக்கிட்டா அதுக்கு யார் கீறாங்க? நொண்டிக் கால வச்சிகினு ஒத்தையா நிக்கும். ஒருத்தராவது இருக்கட்டும். எழுதாத, உட்டுடு."

உட்டுடு என்றாள், விட்டுவிட்டேன். அவள் சொன்னாளே என்று அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். அவள் செத்தபோதாவது சொன்னேனா? நீ அடக்கத்துக்கு வந்தாய். கட்டையை ஊன்றிக்கொண்டு பெட்டி பக்கத்தில் நின்றாய். அழவில்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம், அத்தனை பேர் முன்னால், "பெத்தவ கெடக்கறா, உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வர்லியா? நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்று கத்தினேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்து, "வர்ல நைனா. நான் இன்னா பண்ணட்டும்?" என்றாய். சாயங்கால பஸ்ஸிலேயே போய்விட்டாய். உன் கண்ணீரை அடைத்து வைத்தவன் நான். அந்த நானே உன்னை ஏன் அழவில்லை என்று கேட்டேன். நீ கல்யாணம் முடிந்த பிறகு போட்டோ அனுப்பினாய். பையன் ஞானஸ்நானத்துக்கு அழைப்பு அட்டை ஞானஸ்நானம் முடிந்த மறுவாரம் வந்தது. எனக்குக் குறை சொல்ல வாய் இல்லை.

மிச்ச வேலையையும் எழுதிவிடுகிறேன், நடுவில் விட்டால் நீ தடுமாறுவாய். தரை காய்ந்தது என்று நிச்சயமான பிறகு, ஷீட்டைப் பிரித்து அதே அறையில் ஒரு நாள் முழுக்கப் போட்டு வை. சுருண்டு வந்தது படிய வேண்டும். தரையைத் தூசி இல்லாமல் பெருக்கி, ஈரத் துணியால் துடைத்து, மறுபடி காய விட வேண்டும். பசையைப் பல் வெட்டிய தகட்டால் இழுத்த பிறகு உடனே ஒட்டக் கூடாது. விரலை வைத்துப் பார்த்தால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக் கூடாது. அதுதான் பதம். ஒட்டிய பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றச் சொல். நீங்கள் இருப்பது தரைத்தளமா மாடியா என்று எழுதவில்லை. மாடியாக இருந்தாலும் பாத்ரூம் சுவரோரம் தாள் ஒட்டிப் பார்க்காமல் இருந்துவிடாதே. பையன் நடக்கப் போகிற தரை. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், உங்கள் வீட்டுக்கு யார் வருவதாக இருந்தாலும், அவசரம் வேண்டாம். தாளுக்குக் கீழே நீயே குனிந்து பார். வேலைக்காரன் பார்த்துச் சொன்னான் என்று நம்பாதே. அவன் பொய் சொல்லலாம்.

வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. முட்டி மடங்குவதில்லை. காலையில் எழுந்து பால் வாங்கி வருகிறேன். ரேடியோ போடுகிறேன். ஒரு ஆளுக்குச் சமைக்கக் கற்றுக்கொள்ளவே முடியவில்லை, எப்போதும் மிஞ்சிவிடுகிறது. சில நாள் சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் போய் ஆவடி பக்கமிருந்து வருகிற ரயிலில் ஆபீஸ் ஜனம் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். பேச ஆள் இல்லாமல் தொண்டை கட்டிக்கொள்கிறது. போஸ்ட்மேனிடம் பேசினபோது என் குரலே எனக்கு வேறு யாருடையதோபோலக் கேட்டது. பரிதாபப்பட வேண்டும் என்று எழுதவில்லை. கேட்காமல் இருந்தாலும் சொல்லவேண்டும்போல இருந்தது, சொன்னேன்.

உன் அம்மா வேண்டாம் என்றதை மீறித்தான் இதை எழுதுகிறேன். ஒருத்தராவது இருக்கட்டும் என்று அவள் சொன்னாள். இப்போது உனக்கு வீட்டுக்காரர் இருக்கிறார், பையன் இருக்கிறான், நான் போனாலும் நீ ஒற்றையாக நிற்க மாட்டாய். இனி அந்தச் சாக்கும் எனக்கு இல்லை. அவள் மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்து என் மேல் வை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அவளுக்காக ஒரு தடவை அழு. அது அவளுக்குச் சேர வேண்டியது.

போன வாரம் கல்லறைத் திருநாள். அவள் கல்லறையைக் கழுவி, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். சுற்றிலும் குடும்பம் குடும்பமாக நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தனியாக உட்கார்ந்து, பாப்பாவுக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன்மே, கோபித்துக்கொள்ளாதே என்று வாய் விட்டே சொன்னேன். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உயிரோடு இருந்தபோதும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இனி அவளால் திட்டவும் முடியாது. பாய் ஊரில் இல்லை. என்னைத் திட்ட வேண்டிய ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான் மிச்சம். கடிதத்தில் வேண்டாம், ஸ்டெல்லா. ஒரு நாள் லீவு போட்டு, நேரில் வந்து, ஆசை தீரத் திட்டிவிட்டுப் போம்மா.

இப்படிக்கு,
நைனா